பூட்டு ஒன்று, சாவி இரண்டு: காவிரிப் படுகை வழக்கில் இலத்தீன் வழிச் சொற்களும் உருவொத்த தமிழ்ச் சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

உருவத்தால் ஒத்த இரு சொற்கள் பிறப்பாலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் சொற்பிறப்பாய்வில் பல பிழைகளுக்கு இடமளித்துள்ளது. தஞ்சைப் பகுதி உழவர் வழக்கில் உள்ள ‘சாவி’ என்ற சொல்லையும், இலத்தீனிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாகத் தமிழுக்கு வந்த ‘சாவி’ என்ற சொல்லையும் முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, உருவொத்த சொற்களைப் பிரித்தறியும் அளவுகோல்களை இக்கட்டுரை விளக்குகிறது. இலத்தீனில் காணப்படும் உருவொத்த சொற்களும், தொல்காப்பியம் கூறும் பலபொருள் ஒருசொல் இலக்கணமும் ஒப்பீட்டிற்குத் துணையாகின்றன.

திறவுச் சொற்கள்: உருவொத்த சொற்கள், பலபொருள் ஒருசொல், சொற்பிறப்பு, இலத்தீன், போர்த்துக்கீசியம், வேளாண் வழக்கு, அகராதியியல்.

முன்னுரை

காவிரிப் படுகையின் கடைமடை ஊர்களில் “சாவி போயிற்று” என்று ஒருவர் கூறினால், அத்தொடர் இரு பொருள்படும். வீட்டின் திறவுகோல் தொலைந்தது என்பது ஒன்று. கதிரில் பால் பிடிக்கும் பருவத்தில் நீரின்றி நெல் மணியற்றுப் போயிற்று என்பது மற்றொன்று. முதற்பொருள் தமிழகம் முழுவதும் அறிந்தது. இரண்டாவது, நெல் விளையும் நிலத்தோடு தொடர்புடையோர் வழக்கில் வாழ்வது.

இவ்விரண்டும் ஒரு சொல்லின் இரு பொருள்களா, அன்றி ஒரே வடிவம் பெற்ற இருவேறு சொற்களா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இதற்கு விடை காண்பது அகராதிப் பதிவுக்கு மட்டுமன்றிப் பழைய வருவாய் ஆவணங்களைப் படித்தறிவதற்கும் தேவையாகிறது. சென்னை மாகாண இரயத்துவாரி நிருவாகத்தில், காய்ந்து விளைவற்றுப்போன பயிர் ‘சாவி’ எனக் குறிக்கப்பட்டு, தீர்வைத் தள்ளுபடிக்குரிய காரணங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. திறவுகோலை மட்டுமே அறிந்த ஒருவர் அவ்வாவணத்தை எடுத்தால், ஓர் ஊரின் வறட்சியைக் குறித்த செய்தி அவர் கண்ணிலிருந்து மறைந்துவிடும்.

ஒருசொல்லும் இருசொல்லும்

ஒரு சொல் பல பொருள் தருவதும், பல சொற்கள் ஓர் உருப்பெறுவதும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ‘பூட்டு’ என்ற சொல் முதல் நிலைக்கு நல்ல சான்று. சித்திரையில் உழவர் ஏர் பூட்டுகின்றனர். இரவில் கதவைப் பூட்டுகின்றனர். மாட்டை நுகத்தோடு பிணைப்பதும் கதவை நிலையோடு பிணைப்பதும் ‘பொருத்திப் பிணைத்தல்’ என்ற ஒரே அடிப்பொருளின் கிளைகள். ‘பூண்’ என்ற தன்வினைக்குப் ‘பூட்டு’ பிறவினை. எனவே பூட்டு ஒருசொல். அதன் பொருள்கள் பல.

‘ஆடி’ என்பது இரண்டாம் நிலைக்குச் சான்று. பதினெட்டாம் பெருக்கு நிகழும் ‘ஆடி’ என்னும் திங்கட்பெயர் வடமொழியின் ‘ஆஷாட’ என்பதன் திரிபு. ‘ஆற்றில் ஆடி வந்தனர்’ என்னும்போது வரும் ‘ஆடி’, ‘ஆடு’ என்ற தமிழ் வினையின் எச்சம். புதுப்புனலாட்டும் ஆடித் திங்களும் ஒரே காலத்தில் இணைந்து வருவதைக் கொண்டு, ஆடுவதால் ஆடி எனப் பெயர் பெற்றது என்று கூறுவது பொருத்தமாகத் தோன்றலாம். ஆயினும் திங்கட்பெயர் வரிசையை முழுமையாக நோக்கினால் அவ்விளக்கம் நில்லாது. சித்திரை, வைகாசி, ஆவணி முதலியனவும் அவ்வாறே வடமொழி மாதப் பெயர்களின் திரிபுகளாக அமைந்திருத்தலின், ஆடியை மட்டும் அவ்வரிசையினின்று பிரித்தெடுக்க இயலாது.

நிகண்டுகள் சொல்லின் உருவத்தை முதன்மையாகக் கொண்டன. சூடாமணி நிகண்டின் ‘ஒருசொற் பல்பொருட்பெயர்த் தொகுதி’ போன்ற பகுதிகளில் ஓர் உருவத்திற்குரிய எல்லாப் பொருள்களும் ஒருங்கு தொகுக்கப்பட்டன. செய்யுள் கற்போருக்கு அம்முறை போதுமானதாயிருந்தது. பிறப்பு வேறுபாட்டைக் காட்டுவது அவற்றின் நோக்கமன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் வெளிவந்தபோது, உருவொத்த சொற்கள் எண்ணிட்டுத் தனித்தனித் தலைச்சொற்களாகப் பிரிக்கப்பட்டன. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய திராவிட மொழிகளின் சொற்பிறப்பகராதி, இனமொழிச் சான்றுகளைக் கொண்டு வேர்களைப் பிரித்தது. நிகண்டிலிருந்து சொற்பிறப்பகராதி வரையிலான இவ்வளர்ச்சியை, உருவத்திலிருந்து வரலாற்றை நோக்கிய நகர்வு எனலாம்.

இலத்தீன் தரும் ஒப்புமை

உருவொப்புச் சிக்கல் இலத்தீன் கற்போர் தொடக்கத்திலேயே எதிர்கொள்வது. உரோமர் தம் எழுத்தில் குறில் நெடில் வேறுபாட்டைப் பொதுவாகக் காட்டவில்லை. கல்வெட்டுகளில் சில நெடில்களின் மேல் ஒரு சிறு குறியிடும் வழக்கம் இருந்ததெனினும் அது நிலைபெறவில்லை. அதனால் ஒலியில் வேறுபட்ட சொற்கள் ஏட்டில் ஒன்றாயின.

‘மாலும்’ என்பது ஆப்பிளைக் குறிக்கும். கிரேக்கத்தின் ஒரு வட்டார வடிவத்திலிருந்து வந்தது. ‘மலும்’ என்பது தீமையைக் குறிக்கும், இலத்தீனுக்கே உரியது. ‘லீபெர்’ கட்டற்றவன், ‘லிபெர்’ நூல், அதற்கு முன் மரத்தின் உட்பட்டை. ‘போபுலுஸ்’ ஒரு மரம்; ‘பொபுலுஸ்’ மக்கள். ‘ஓஸ்’ வாய், ‘ஒஸ்’ எலும்பு. குறில் நெடிலைத் தனித்தனியே காட்டவல்ல தமிழெழுத்தில் எழுதினால் வெளிப்படும் இவ்வேறுபாடு, உரோம எழுத்தில் மறைந்துகிடக்கிறது.

இவற்றுள் இறுதி இணை கருதத்தக்கது. எலும்பைக் குறிக்கும் ‘ஒஸ்’, வடமொழி ‘அஸ்தி’ என்பதற்கு இனச்சொல். காவிரியில் அஸ்தி கரைக்கும் வழக்கில் இன்றும் ஒலிக்கும் அச்சொல்லுக்கும் இலத்தீன் ‘ஒஸ்’ என்பதற்கும் தோற்றத்தில் ஒற்றுமை குறைவு. பிறப்பில் இரண்டும் ஒன்று. இலத்தீனுக்குள்ளேயே ‘ஓஸ்’, ‘ஒஸ்’ ஆகியன எழுத்தில் ஒன்று, பிறப்பில் வேறு. எனவே உருவொப்பு உறவைக் காட்டாதது போலவே, உருவ வேறுபாடும் உறவின்மையைக் காட்டாது.

எழுத்து மறைத்த தமிழ் இணைகள்

இலத்தீனில் எல்லா உயிர்களுக்கும் நேர்ந்த இந்நிலை, தமிழில் எகர ஒகரங்களுக்கு மட்டும் நேர்ந்தது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஆனால் ஓலையிலும் கல்லிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ஓலையில் புள்ளி குத்தினால் துளைபடும் என்பது இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். புள்ளி நீங்கவே, குறிலும் நெடிலும் ஒரே வடிவின.

இதன் விளைவை நெல் வேளாண் சொற்களிலேயே காணலாம். ‘எரி’ நெருப்பு; ‘ஏரி’ நீர்நிலை. ‘செறு’ வயல், ‘சேறு’ அவ்வயலின் குழைமண். புள்ளியில்லாத ஏட்டில் இவ்விணைகளைச் சூழல் கொண்டே பிரிக்க வேண்டும். நெருப்பும் நீரும் மயங்கும் இடங்கள் மிகச் சில. வயலும் சேறும் அருகருகே வருவனவாதலின், செறு சேறு என்பவற்றைப் பிரிப்பதே பதிப்பாசிரியருக்குக் கடினமானது.

இம்மயக்கத்தைத் தீர்க்க, நெடிலுக்குச் சுழித்த கொம்பும் தனி வடிவமும் தந்த சீர்திருத்தம் வீரமாமுனிவர் என்னும் பெஸ்கியின் பணியாகக் கொள்ளப்படுகிறது. 1680இல் இத்தாலியில் பிறந்த அவர், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியிலுள்ள ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் வாழ்ந்தார். தமிழ்ப் பேச்சு வழக்கிற்கு இலத்தீன் மொழியில் அவர் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அவருடைய சதுரகராதி 1732இல் நிறைவுற்றது. இலத்தீன் எழுத்தில் நெடில் மறைவதை அறிந்த ஒருவர் தமிழெழுத்தில் அதே குறையைக் களைந்தார் என்பது, இரு மொழிகளின் சிக்கலும் ஒரே தன்மையது என்பதற்குத் துணையாகிறது.

இரு சாவிகள்

எகர ஒகர இணைகளில் மறைந்திருந்தது ஒலி வேறுபாடு. ‘சாவி’ இணையில் ஒலியும் ஒன்றே, எழுத்தும் ஒன்றே. எனவே எழுத்துச் சீர்திருத்தம் இதற்கு உதவாது. வேறு சான்றுகளை நாட வேண்டும்.

நெல்லுக்குரிய ‘சாவி’, ‘சா’ என்ற வினையடியில் தோன்றியது. கேள்வி, தோல்வி, பிறவி என வினைகள் ‘வி’ ஈறு பெற்றுப் பெயராதல் தமிழில் இயல்பு. கன்னடத்தில் ‘சாய்’, தெலுங்கு, மலையாளத்தில் ‘சாவு’ என அவ்வேர் இனமொழிகளில் பரவியுள்ளது. சாவி நெல், சாவிப்பயிர், சாவியாதல் என்னும் வழக்குகள் அவ்வடிப்பொருளை விட்டு நீங்கவில்லை. உமி உண்டு, உள்ளே அரிசி இல்லை என்னும் நிலையை உழவர் சாவு என்றே கண்டனர்.

பூட்டுக்குரிய ‘சாவி’, இலத்தீன் ‘கிளாவிஸ்’ என்பதில் தொடங்குகிறது. இலத்தீனில் ககர லகரக் கூட்டெழுத்தாகவும் பகர லகரக் கூட்டெழுத்தாகவும் தொடங்கிய சொற்கள் பல, போர்த்துக்கீசியத்தில் சகர முதலாயின. ‘அழை’ எனப் பொருள்படும் ‘கிளாமாரே’ அங்கு ‘சமார்’ ஆயிற்று. மழையைக் குறிக்கும் ‘புளூவியா’ ‘சுவா’ ஆயிற்று. அம்முறையிலேயே ‘கிளாவிஸ்’ ‘சாவே’ ஆகி, தமிழில் ‘சாவி’ ஆயிற்று. இலத்தீனிலிருந்து நேரே வந்திருந்தால் அச்சொல் ககரத்தில் தொடங்கியிருக்கும். சகர முதலே அது போர்த்துக்கீசிய வழி வந்தது என்பதற்குச் சான்று.

வரலாறும் இதற்கு இயைகிறது. நாகப்பட்டினத்தில் 16ஆம் நூற்றாண்டில் குடியேறிய போர்த்துக்கீசியர், 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி போன பின்னும் கடற்கரைப் பட்டினங்களில் அவர் மொழி வணிகப் பொதுமொழியாக நின்றது. 1620 முதல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழோடு போர்த்துக்கீசியமும் பயின்றதும், அங்கிருந்த அச்சகம் அம்மொழியிலும் நூல்கள் வெளியிட்டதும் இதனைக் காட்டும். மேசை, அலமாரி, சன்னல் ஆகிய வீட்டுப் பொருட்பெயர்களும் முறையே ‘மென்சா’, ‘அர்மாரியும்’, ‘யானுவா’ என்னும் இலத்தீன் சொற்களின் வழித்தோன்றல்களாக அதே வழியில் வந்தன. சாவி அத்தொகுதியில் ஒன்று.

‘சாத்து’ என்ற வினையோடு இச்சாவியை இணைத்து, கதவைச் சாத்த உதவுவது சாவி என விளக்க ஒருவர் முற்படலாம். ஆயின் ‘சாத்து’ என்பதன் தகரம் கெட்டுச் ‘சாவி’ ஆவதற்குத் தமிழில் விதியில்லை. மேலும் அக்கருவிக்குத் தமிழ் இட்ட பெயர் திறத்தலைக் கொண்டமைந்த ‘திறவுகோல்’ என்பதே.

இலத்தீனுக்குள் ‘கிளாவிஸ்’ தனித்து நிற்கவில்லை. ஆணியைக் குறிக்கும் ‘கிளாவுஸ்’ அதற்கு உறவுச்சொல். முளையால் கதவைத் தடுத்த பழைய முறையே இரண்டையும் இணைக்கிறது. ஆக, உருவில் சிறிது வேறுபட்ட ‘கிளாவிஸ்’, ‘கிளாவுஸ்’ உறவினர். உருவில் முற்றும் ஒத்த தமிழ்ச் சாவிகள் உறவற்றவை.

காலமும் கிளையும் காட்டும் பிற சான்றுகள்

‘பாதிரி’ என்பதும் இவ்வகையினது. கிறித்தவ குருவைக் குறிக்கும் ‘பாதிரி’, தந்தையைக் குறிக்கும் இலத்தீன் ‘பாட்டெர்’ என்பது போர்த்துக்கீசியத்தில் ‘பாத்ரெ’ என வழங்கியதன் தமிழ் வடிவம். ‘பாதிரி’ என்னும் மரமும் அதன் மலரும் சங்க இலக்கியம் அறிந்தவை. காவிரிப் படுகைக்கு வடக்கே, கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் தேவாரப் பாடல் பெற்ற தலம். ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய ஊர்ப்பெயரில் அவர் கொணர்ந்த சொல் இருத்தல் இயலாது. இங்குக் காலச் சான்று ஒன்றே போதுமானது.

‘கார்’ என்பதில் கிளையும் பிறமொழி வரவும் ஒருங்கே அமைந்துள்ளன. கருமை, கருமேகம், மழைக்காலம், அப்பருவத்து நெல் என்பன ஒரு சொல்லின் தொடர்ந்த பொருள்கள். சாலையில் ஓடும் கார் இத்தொடரில் சேராது. அது ஆங்கில வழி வந்தது. வண்டியைக் குறித்த இலத்தீன் ‘கர்ருஸ்’ அதன் மூலம். இலத்தீனுக்கும் அது கெல்திய மொழியினரிடமிருந்து பெற்ற கடன்.

‘போர்’ என்பது இன்றைய படுகையில் நிகழும் உருவொப்பைக் காட்டும். களத்தில் வைக்கோற்போர் இட்ட வயலின் ஓரத்தில் இன்று ஆழ்துளைக் கிணறும் ‘போர்’ எனப்படுகிறது. துளையிடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் தமிழ் வடிவம் பெற்றதன் விளைவு இது. ஒலிப்புடை ஒலிகளுக்குத் தனி எழுத்தில்லாத தமிழில், பகர முதற் கடன்சொற்கள் தமிழ்ச் சொற்களோடு எளிதில் உருவொக்கும். ‘போர் போட்டாயிற்று’ என்னும் தொடரைக் கேட்கும் வெளியூரார் எதனைக் கருதுவார் என்பது சூழலைப் பொறுத்தது.

புணர்ச்சி காட்டும் சான்று

உருவொத்த சொற்களைப் பிரித்தறியும் நெறியைத் தமிழ் இலக்கணிகள் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். ‘மா’ என்பது அதற்குச் சிறந்த சான்று. மரத்தைக் குறிக்கும் மா, ‘மாங்காய்’, ‘மாந்தோப்பு’ என மெல்லெழுத்துப் பெறும். விலங்கைக் குறிக்கும் மா, ‘மான்கோடு’ என்றாற்போல னகர ஒற்றுப் பெறும். தொல்காப்பிய எழுத்ததிகாரம் உயிர்மயங்கியலில் இவ்வேறுபாட்டைப் பதிவு செய்கிறது. புணர்ச்சியில் வேறுபடுவன ஓர் உருவினவாயினும் ஒருசொல் அல்ல என்பது இதனால் பெறப்படும்.

நிலவளவையிலும் மா உண்டு. இருபதில் ஒரு கூறு என்னும் பின்ன எண் மா. தஞ்சைப் பகுதியில் ஒரு வேலி இருபது மா. வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகுந்தது. மூன்று மா ஓர் ஏக்கர் என்பது உழவர் கணக்கு. இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் நிலம் வேலியாலும் மா, காணி முதலிய பின்னங்களாலும் குறிக்கப்படுகிறது. பின்னமாகிய மாவும் நிலமாகிய மாவும் இருசொல் அல்ல. வேலியின் இருபதில் ஒன்று ஆதலால் அந்நிலம் மா எனப்பட்டது. எனவே மாமரமும் விலங்கும் அளவையும் தனித்தனிச் சொற்களாக, அளவைக்குள் எண்ணும் நிலமும் ஒருசொல்லாக அமைகின்றன.

பலபொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது எனத் தொல்காப்பியம் இருவகைப்படுத்துகிறது. உரையாசிரியர் காட்டும் ‘மா பூத்தது’ என்பதில் வினை பொருளைத் தெளிவிக்கிறது. ‘மா வீழ்ந்தது’ என்பதில் தெளிவிக்கவில்லை. ஆண்டு மாமரம் என்றோ விலங்கு என்றோ கிளந்து கூறல் வேண்டும். ‘சாவி கொடுத்தான்’ முதல்வகை. ‘சாவி போயிற்று’ இரண்டாம் வகை. அண்மை நூற்றாண்டுகளில் தோன்றிய உருவொப்பையும் அப்பழைய விதி அளக்கவல்லதாக உள்ளது.

அரிசியும் ஒரிசாவும்

இவ்வளவுகோல்களை மொழிகளுக்கிடையே பொருத்துமிடத்து எச்சரிக்கை இன்னும் மிகுதியாகத் தேவை. நெல் நாட்டு ஆய்வாளர் பலரும் மேற்கோளாக ஆளும் இணை ‘அரிசி’, இலத்தீன் ‘ஒரிசா’ என்பது. இலத்தீன் அச்சொல்லைக் கிரேக்கத்திலிருந்து பெற்றது. கிரேக்கச் சொல் தமிழ் அரிசியோடு தொடர்புடையது என்ற கருத்தைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் முன்வைத்தார்.

கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த தியோபிராசுதசு அக்கிரேக்கச் சொல்லை அறிந்திருந்தார். உரோமரோடு தமிழகத் துறைமுகங்கள் பெருவணிகம் நடத்திய காலம் அதற்குப் பிற்பட்டது. எனவே அவ்வணிகத்தைச் சான்றாக்கி இச்சொல் சென்ற வழியை நிறுவ இயலாது. வடமொழி ‘வ்ரீஹி’, பஷ்தூ மொழியின் ‘வ்ரிஜே’ ஆகியவற்றோடு இயைந்த ஈரானிய வடிவம் ஒன்றிலிருந்து கிரேக்கம் பெற்றது என்பதே இந்தோ-ஐரோப்பிய ஆய்வாளர் பலரும் கொள்ளும் முடிவு. அரிசி என்பதற்கோ மலையாளத்திலும் துளுவிலும் ‘அரி’ என்னும் உறவு உண்டு. அரிசியின் தமிழ்த்தன்மை இவ்வினமொழிச் சான்றுகளால் நிற்கிறது. அதற்குக் கிரேக்கச் சான்று தேவையில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

உருவொப்பு வினாவை எழுப்பலாம், விடையாகாது. பூட்டின் இரு வழக்குகள் ஒரு வேரின. சாவியின் இரு வழக்குகள் இரு வேரின. இரண்டையும் பார்வையால் மட்டும் பிரிக்க இயலாது.

பிரித்தறிய நான்கு அளவுகோல்கள் துணையாகின்றன. அவை, ஒலிமாற்ற விதி, இனமொழிச் சான்று, முதல் வழக்கின் காலம், புணர்ச்சியும் வினைச்சேர்க்கையும் என்பன. கிளாவிஸுக்கு முதலாவதும், அரிசிக்கு இரண்டாவதும், பாதிரிக்கு மூன்றாவதும், மாவிற்கு நான்காவதும் தீர்ப்பளித்தன.

அகராதிகளில் இவ்வகைச் சொற்கள் தனித் தலைச்சொற்களாகவே பதியப்பெறல் வேண்டும். ‘சாவி’ என்பதன்கீழ்த் திறவுகோல் என்ற பொருளை மட்டும் தரும் கையகராதியில், வழக்குப் பெருமையுடைய கடன்சொல் வாழ்ந்து, வேர்ப்பெருமையுடைய உழவர் சொல் விடுபடுகிறது. குறுவை, சம்பா, தாளடி என்னும் போகங்களின் வெற்றி தோல்வியை உரைத்த சொற்களுள் அதுவும் ஒன்று. உழவை விட்டு நீங்கும் தலைமுறைக்கு அச்சொல் கேட்டறியும் வாய்ப்பு குறைந்துவரும் நிலையில், படுகை ஊர்களின் வேளாண் வழக்குகளைக் களத்தில் தொகுத்து, பிறப்பு வேறுபாடு காட்டி எண்ணிட்டுப் பதிவது உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.